சூனியத்துக்கு என்ன விலை வைப்பது? வாளும் மந்திரமும் ஆட்டத்துக்கு நான்கு முறைகள், ஓர் ஒப்பீடு

கிருஷ்ணகிரியில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி ஆடும் ஒரு நண்பர் குழு, சொந்தமாக ஒரு டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் (மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடும் கதை ஆட்டம்) எழுதிக்கொண்டிருக்கிறது. கதைக்களம் அதியமானின் தகடூரை (இன்றைய தருமபுரி) ஒட்டிய ஒரு கற்பனை மலைநாடு. மாடு கவரும் குறுநில மன்னர்கள், குன்றுக் கோட்டைகள், இரும்பு உருக்குபவர்கள் எல்லாம் உண்டு. வாள் பக்கத்துக்கு அவர்களுக்குப் பஞ்சமே இல்லை. இதே மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 வரை போகிறது என்று 2022-ல் அறிவிப்பு வந்தபோதே அவர்கள் உலகத்தின் பாதி எழுதப்பட்டுவிட்டது. தடுமாற்றமெல்லாம் மந்திரப் பக்கம்தான்.

சூனிய மந்திரங்களின் பட்டியல் தயார். ஆனால் அவற்றுக்கு எப்படி விலை வைப்பது என்பதில் சிக்கி நிற்கிறார்கள். ஒரு நாளைக்கு இத்தனை முறை என்று வைப்பதா, ரத்தம் கேட்பதா, பகடையை உருட்டி விதியிடம் விடுவதா, ஏதோ ஓர் ஆவியிடம் கடன் வாங்கச் சொல்வதா? இதே கேள்வி இன்னும் சிலரிடமிருந்தும் வந்திருப்பதால் விரிவாகவே எழுதுகிறேன். ஒரு மந்திரம் எத்தனை புள்ளி சேதம் செய்யும், எவ்வளவு தூரம் பாயும் என்பதையெல்லாம் ஆட்டத்தின் நடுவில்கூடத் திருத்திக்கொள்ளலாம். விலை முறையை அப்படி மாற்ற முடியாது. மந்திரவாதி எப்படிப்பட்ட ஆள், மற்றவர்கள் அவனோடு ஏன் பயணம் போகிறார்கள் என்பதையெல்லாம் அதுதான் முடிவு செய்கிறது.

எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல் தயக்கம். வாளும் மந்திரமும் வகைக் கதைகளில் சூனியம் வில்லன்களின் சொத்து. நாயகன் வேறு வழியே இல்லாதபோதுதான் அதைத் தொடுவான். ஆகவே மந்திரத்தைச் சொல்லும் முன் பிளேயரின் கை ஒரு கணமாவது நிற்க வேண்டும். யாருமே தயங்கவில்லை என்றால், எவ்வளவு பயங்கரமான பெயர் வைத்திருந்தாலும் அது வெறும் தூரத்து ஆயுதம்தான். இந்த ஒன்றுக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக எடை கொடுக்கிறேன்.

இரண்டாவது, வாள் பிடித்தவர்களின் பங்கு. நாலு பேர் ஆடும் மேஜையில் ஒருவர்தான் மந்திரவாதியாக இருப்பார். அவர் மந்திரம் போடும் நேரத்தில் மற்ற மூவரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் முறையில் ஏதோ கோளாறு.

மூன்றாவது, கணக்கு வேலை. நாலாவது, ஆட்டம் எத்தனை நாள் ஓடப்போகிறது. இருபது முகப் பகடையெல்லாம் எல்லாரிடமும் இருக்காது என்பதால், லூடோ பெட்டியில் வரும் இரண்டு பகடைகளை வைத்தே ஆட முடிகிறதா என்பதையும் பார்த்துக்கொள்கிறேன்.

நான்கு முறைகளையும் ஒரே மந்திரத்தை வைத்துச் சோதிக்கலாம். பெயர் கல்லெழுப்பல். மந்திரவாதி ஒரு நடுகல்லைத் தொடுகிறான். மாடு மீட்கப் போய்ச் செத்த வீரன், கல்லில் செதுக்கியிருக்கும் அதே கோலத்தில், வில்லும் குறுவாளுமாக எழுந்து வருகிறான். விடியும்வரை மந்திரவாதியின் பக்கம் நின்று போரிடுவான். அந்தக் கற்களில் 'இன்னாருடைய தொறு மீட்டுப் பட்டான்' என்கிற மாதிரி வாசகங்கள் இருக்கும். தொறு என்றால் மாட்டு மந்தை. தருமபுரி அகழ்வைப்பகத்தில் போய் அந்தக் கற்களை நேரில் பார்த்துவிட்டு வந்தால் மந்திரம் எழுதுவது பாதி சுலபமாகிவிடும்.

முறை ஒன்று: ஒரு நாளைக்கு இத்தனை

1974-ல் வந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டம் பரப்பிய முறை. மந்திரவாதிக்கு ஒரு நாளைக்கு இத்தனை ஸ்லாட், அதாவது மந்திரம் சொல்லும் வாய்ப்பு. தீர்ந்தால் தூங்கி எழுந்த பிறகுதான் அடுத்தது. அதன் ஐந்தாம் பதிப்பில் முதல் லெவல் (அனுபவப் படி) மந்திரவாதிக்கு இரண்டே ஸ்லாட். ஐந்தாம் லெவலில் மந்திரங்களின் படிவாரியாக 4, 3, 2 என்று மொத்தம் ஒன்பது. ஸ்லாட்டுக்குப் பதில் மந்திரப் புள்ளிகள் கொடுத்துக் கழித்துக்கொண்டே வரும் ஆட்டங்களும் உண்டு. நம் விஷயத்துக்கு இரண்டும் ஒரே ஜாதிதான்.

கணக்கு சுத்தமாக இருக்கும். புதியவருக்குப் பத்து நிமிஷத்தில் புரியவைத்துவிடலாம். எந்த மந்திரம் எவ்வளவு வலுவானது என்று கதையை நடத்தும் கேம் மாஸ்டருக்கு முன்கூட்டியே தெரியும்.

மறைந்திருக்கும் செலவு என்ன என்றால், பிளேயர்கள் கஞ்சர்களாகிவிடுவார்கள் அல்லது சோம்பேறிகளாகிவிடுவார்கள். முதல் சண்டையிலேயே எல்லா ஸ்லாட்டையும் கொட்டிவிட்டு, 'சரி, இங்கேயே படுத்துக் காலையில் போகலாம்' என்பார்கள். தூக்கத்தைத் தடுக்கவே கேம் மாஸ்டர் ராத்திரி ராத்திரி ஓநாய்களை அனுப்பிக்கொண்டிருக்க வேண்டியதுதான். தயக்கம் என்ற அளவுகோலில் இது தோற்றுப்போகிறது. ஸ்லாட் இருந்தால் கல்லெழுப்பல் நடக்கும், இல்லாவிட்டால் நடக்காது. செத்தவனை எழுப்புவதும் விளக்கு ஏற்றுவதும் பட்டியலில் அடுத்தடுத்த வரிகளாகிவிடும்.

கல்லூரி விழாவில் இரண்டு மணி நேரத்தில், முதன்முறை ஆடுபவர்களோடு நடத்தப்போகிறீர்கள் என்றால் யோசிக்காமல் இதை எடுங்கள். வேறு எந்த நிலைமைக்கும் நான் இதைச் சொல்ல மாட்டேன்.

முறை இரண்டு: ரத்தம்

மந்திரத்துக்கு விலை, சொல்பவனின் உயிர்ப்புள்ளி (அடிபட்டால் குறையும், தீர்ந்தால் சாவு). கல்லெழுப்பலுக்கு 3 புள்ளி. எழுதுவதற்கு எளிதான முறை. ஆனால் இதைவிட அதிகமாகக் கெட்டுப்போகும் முறையும் கிடையாது. மூன்று ஓட்டைகளை அடைத்தால் உருப்படும்.

முதல் ஓட்டை, வைத்தியம். குழுவில் காயம் ஆற்றும் ஆள் ஒருவர் இருந்தால் ரத்தம் வெறும் கைமாற்றாகிவிடும். மந்திரவாதி 3 புள்ளி கொடுப்பான், வைத்தியர் 5 புள்ளி திருப்பித் தருவார். ஆகவே சூனியத்துக்குக் கொடுத்த ரத்தம் மருந்தாலும் திரும்பாது, மந்திரத்தாலும் திரும்பாது, ஒரு முழு இரவு ஓய்வுக்கு 1 புள்ளி மட்டும் ஏறும் என்று எழுதிவிடுங்கள். கல்லெழுப்பியவன் அடுத்த மூன்று நாள் சோர்ந்த முகத்தோடு நடக்கட்டும்.

இரண்டாவது, லெவல். 6 உயிர்ப்புள்ளி இருக்கிற புது மந்திரவாதிக்கு 3 என்பது பாதி உயிர். அவனே எட்டாம் லெவலில் 30 புள்ளியோடு நிற்கும்போது அது பத்தில் ஒரு பங்கு, கொசுக்கடி. உயிர்ப்புள்ளி பெரிதாக ஏறாத விதிகளை எழுதுங்கள், இல்லையென்றால் விலையை விகிதமாக வையுங்கள். நான் முதலாவதைத்தான் விரும்புகிறேன். பத்துப் பன்னிரண்டு புள்ளிக்கு மேல் யாருக்குமே இல்லாத ஆட்டத்தில் வாளுக்கும் மரியாதை இருக்கும்.

மூன்றாவது ஓட்டையை பிளேயர்களே கண்டுபிடிப்பார்கள். மேஜையில் ஒரு தம்பி கட்டாயம் கேட்பான்: "அண்ணா, சந்தையில ஒரு ஆடு வாங்கிட்டு வந்து அதோட ரத்தத்தக் குடுத்தா செல்லுமா?" செல்லும் என்றால் அடுத்த வாரம் அவர்கள் ஒரு மந்தையையே ஓட்டிக்கொண்டு வருவார்கள். செல்லாது என்றால் ஏன் என்று கேட்பான். பதிலை முதலிலேயே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். என்னுடைய பதில்: கொடுப்பது இன்னது என்று தெரிந்து, மறுக்கக்கூடிய நிலையில் இருந்து, சம்மதித்துக் கொடுத்த ரத்தம் மட்டுமே செல்லும். ஆடு இதில் அடிபட்டுப் போகிறது. கூட வரும் வாள்வீரன் உள்ளே வருகிறான். அவன் கையை நீட்டி ஒரு புள்ளியைத் தானே தரலாம். யார் தருவது, யார் மாட்டேன் என்பது என்று மேஜையில் நடக்கும் அந்தப் பேச்சு எந்தப் பகடையாலும் கிடைக்காதது.

கைதியின் கழுத்தை அறுத்து ரத்தம் எடுக்கலாமா என்ற கேள்வியும் வரும். வில்லன்களுக்கு அது இருக்கட்டும். பிளேயர்களுக்கு உண்டா இல்லையா என்பதை ஆட்டம் தொடங்கும் முன்னாலேயே எல்லாரும் பேசி முடிவு செய்துவிடுங்கள். ஒருவருக்கு மனசு ஒப்பவில்லை என்றாலும் வேண்டாம்.

கணக்கை எழுதித் தொலைக்க வேண்டியதில்லை. தருமபுரிப் பக்கம் புளியங்கொட்டைக்கா குறைச்சல்? ஆளுக்குப் பத்துக் கொட்டையை முன்னால் வரிசையாக வையுங்கள். நடுவில் ஓர் எவர்சில்வர் தட்டு. மந்திரம் சொல்பவர் தன் வரிசையிலிருந்து கொட்டையை எடுத்துத் தட்டில் போட வேண்டும், ஒவ்வொன்றாக. 'டங்' என்று அது விழும் சத்தம் எல்லாருக்கும் கேட்கும். மூன்றாவது கொட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் யோசிப்பதைப் பார்த்தால் தயக்கம் என்று நான் எதைச் சொல்கிறேன் என்று புரிந்துவிடும்.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு செலவு மிச்சம் இருக்கிறது. மந்திரம் போட்டவுடன் மந்திரவாதி மேஜையிலேயே பலவீனமான ஆள். அடுத்து வரும் அம்பு அவனை முடித்துவிடலாம். இரண்டு முறை அப்படிச் செத்த பிளேயர் மூன்றாவது கேரக்டரில் மந்திரமே சொல்ல மாட்டார். அவரைச் சுற்றி நின்று காப்பது வாள்வீரர்களின் வேலை என்பதை விதியாகவே எழுதுங்கள்: பக்கத்தில் நிற்பவர் அவருக்கு வரும் அடியைத் தான் வாங்கிக்கொள்ளலாம்.

முறை மூன்று: பகடையும் மாசும்

மந்திரம் பலிக்குமா என்பதற்கே பகடை. பலிக்காவிட்டால், அல்லது அரைகுறையாகப் பலித்தால், சொன்னவனின் உடம்பிலோ மனசிலோ ஒரு மாசு ஒட்டும். 2012-ல் வந்த டஞ்சன் கிரால் கிளாசிக்ஸ் ஆட்டம் இதை நன்றாகச் செய்கிறது. இருபது முகப் பகடையில் 1 விழுந்தால் மந்திரவாதிக்குக் கேடு. வலிமை, சுறுசுறுப்பு, தாங்குதிறன் ஆகியவற்றிலிருந்து புள்ளிகளை எரித்து உருட்டலை உயர்த்திக்கொள்ளவும் வழி உண்டு. அதாவது பகடையோடு ரத்தத்தையும் கலந்திருக்கிறார்கள்.

நம்மிடம் இருப்பது இரண்டு லூடோ பகடை. 10-ம் அதற்கு மேலும் வந்தால் முழு வெற்றி, 7 முதல் 9 வரை வெற்றியோடு ஒரு மாசு, 6-ம் அதற்குக் கீழும் வெறும் தோல்வி என்று வைப்போம். உருட்டலோடு கூட்டிக்கொள்ளத் திறமைப் புள்ளி எதுவும் இல்லாதவனுக்கு முழு வெற்றி 36-ல் 6, மாசு 36-ல் 15, தோல்வியும் 15. ஒரே ஒரு புள்ளி கூட்டிக்கொள்கிறவனுக்கு அது 10, 16, 10 என்று மாறும். இரண்டு புள்ளி கூட்டினால் 15, 15, 6. ஒரு புள்ளிக்கே இவ்வளவு வித்தியாசம் வருவதால் கூட்டலைக் கண்டபடி வாரி வழங்காதீர்கள்.

இப்போது மாசு எத்தனை தாங்கும் என்று பார்க்க வேண்டும். பெரும்பாலானவர்கள் சும்மா 5 என்று எழுதிவிடுகிறார்கள்; ஐந்து மாசு சேர்ந்தால் கேரக்டர் கேம் மாஸ்டர் கைக்குப் போய்விடும். ஆனால் +1 உள்ள மந்திரவாதி ஒரு செஷனுக்கு (ஒரு தடவை கூடி ஆடும் அமர்வுக்கு) ஆறு மந்திரம் சொன்னால் சராசரியாக 2.7 மாசு. இரண்டே செஷனில் ஆள் காலி. செஷனுக்கு இரண்டு மந்திரம்தான் என்றால் ஐந்தாறு செஷன் தாங்குவான். பத்து செஷன் கதை, செஷனுக்கு இரண்டு மந்திரம் என்றால் சுமார் ஒன்பது மாசு சேரும். எல்லையை எட்டில் வையுங்கள். கடைசி இரண்டு செஷன்களில் விளிம்பில் நடப்பான். உங்கள் கதையின் நீளத்தைத் தீர்மானிக்காமல் இந்த எண்ணை எழுதவே முடியாது.

இந்த முறையின் பெரிய மறைசெலவு சிரிப்பு. விபத்துப் பட்டியல் ஒன்று எழுதுவீர்கள். அதில் தலைமுடி பச்சையாவது, குரல் மாறுவது என்று வரும். முதல் தடவை எல்லாரும் சிரிப்பார்கள். அதற்கப்புறம் சூனியத்தைக் கண்டு யாரும் பயப்பட மாட்டார்கள். எல்லா மந்திரத்துக்கும் சேர்த்து நூறு வரிப் பட்டியல் எழுதுவதற்குப் பதில், ஒவ்வொரு மந்திரத்துக்கும் அதன் இயல்பிலிருந்தே பிறக்கும் ஆறு விளைவுகளை எழுதுங்கள். கல்லெழுப்பலுக்கு ஒரு விளைவு: மந்திரவாதியின் இடது கை மணிக்கட்டுவரை கல்லாகிறது. இன்னொன்று: எழுந்த வீரன் யாரையும் பார்க்காமல், தன் மாடுகளைத் தேடி இருட்டில் நடந்துபோய்விடுகிறான். யாராவது அவன் பின்னால் போக வேண்டும். இப்படி எழுதினால் யாரும் சிரிக்க மாட்டார்கள். ஆனால் இருபது மந்திரத்துக்கு நூற்றிருபது விளைவு எழுத வேண்டும். அதுதான் செலவு.

இன்னொரு குறையும் எனக்கு உண்டு. ரத்த முறையில் கெட்டுப்போவதை பிளேயர் தானே தேர்ந்தெடுக்கிறார். பகடையில் அது அவருக்கு நடந்துவிடுகிறது. என்னைப் பொறுத்தவரை ரத்த முறைதான் இந்த வகைக் கதைக்கு நெருக்கம். ஆபத்துக்கு ஆபத்து, வேகத்துக்கு வேகம் என்று விரும்பும் குழுவுக்குப் பகடை பொருந்தும்.

முறை நான்கு: சடங்கும் கடனும்

மந்திரவாதிக்குச் சொந்தச் சக்தி எதுவும் கிடையாது. ஏதோ ஒன்றை அழைத்து, அதனிடம் கேட்டு வாங்குகிறான். அதற்கு நேரம் ஆகும், கடனும் ஏறும். பேய்களை அழைத்துக் கட்டிவைப்பதையே சூனியமாக வைத்த ஸ்டார்ம்பிரிங்கர் ஆட்டம் 1981-லேயே வந்துவிட்டது.

கல்லெழுப்பல் இங்கே முற்றிலும் வேறாகிறது. வீரனுக்குக் கட்டளையிட முடியாது. அவனிடம் கேட்க வேண்டும். அவனுக்கும் ஒரு குறை இருக்கும். எந்தத் தொறுவை மீட்கப் போய்ப் பட்டானோ, அதைக் கவர்ந்தவனின் வம்சம் இன்னும் பக்கத்து மலையில் ஆண்டுகொண்டிருக்கிறது. 'உனக்காக நான் விடியும்வரை நிற்கிறேன், எனக்காக நீ அங்கே போ.' ஒரு மந்திரத்திலிருந்து அடுத்த மூன்று செஷனுக்கான கதை தானாக வந்துவிடுகிறது.

செலவு முழுக்க கேம் மாஸ்டர் தலையில். அழைக்கப்படும் ஒவ்வொன்றுக்கும் குரல், ஆசை, கோபம் வேண்டும். பேரம் அரை மணி நேரம் இழுக்கும். வாள்வீரர்கள் கொட்டாவி விடுவார்கள். இதற்கு நம்மூர்க் கூத்திலிருந்தே ஒரு வழி எடுக்கலாம். தெருக்கூத்தில் வேடம் திரைக்குப் பின்னால் வந்து நின்றதும் கட்டியங்காரன்தான் நீங்கள் யார், எந்த நாடு, எதற்கு வந்தீர்கள் என்று கேட்டுக் கேட்டு வரவழைப்பான். அதே வேலையை ஒரு வாள்வீரனின் பிளேயருக்குக் கொடுத்துவிடுங்கள். சடங்கு வட்டத்துக்குள் நிற்கும் மந்திரவாதி வாய் திறக்கக் கூடாது. கேள்வி கேட்பது வெளியே நிற்பவன். மந்திரவாதியின் உயிர் இப்போது அவனுடைய பேச்சுத் திறமையில் இருக்கிறது. மேஜையில் ஒருவரும் போனை எடுக்க மாட்டார்கள்.

சண்டைக்கு நடுவில் இந்த முறை உதவாது என்பார்கள். சடங்குக்கு நாலு சண்டைச் சுற்று (எல்லாரும் ஒரு தடவை ஆடி முடிப்பது ஒரு சுற்று) என்று வையுங்கள். அந்த நாலு சுற்றும் கோட்டை வாசலில் எதிரிகளைத் தடுத்து நிறுத்துவது வாள்வீரர்களின் பொறுப்பு. வாளும் மந்திரமும் ஒன்றையொன்று நம்பி நிற்பது இந்த ஒரு முறையில்தான். இரண்டாவது அளவுகோலில் மற்ற மூன்றும் இதற்குப் பக்கத்தில்கூட வராது.

மூன்று நான்கு பேர் கொண்ட, தொடர்ந்து வரும், நீண்ட கதையை விரும்பும் குழுவுக்கு இதுதான். வாரத்துக்கு வாரம் ஆள் மாறும் குழுவுக்கு வேண்டவே வேண்டாம். கடன் வாங்கியவர் அடுத்த வாரம் வராவிட்டால் ஆவி யாரிடம் போய்க் கேட்கும்?

| முறை | தயக்கம் | வாள்வீரர் பங்கு | கணக்கு வேலை | ஏற்ற நீளம் |
|---|---|---|---|---|
| ஒரு நாளைக்கு இத்தனை | மிகக் குறைவு | இல்லை | குறைவு | ஒரே செஷன் |
| ரத்தம் | அதிகம் | சம்மத ரத்தம் இருந்தால் நன்று | மிகக் குறைவு | எதற்கும் |
| பகடையும் மாசும் | நடுத்தரம் | குறைவு | முன்கூட்டியே நிறைய | 5 முதல் 12 செஷன் |
| சடங்கும் கடனும் | மிக அதிகம் | மிக அதிகம் | கேம் மாஸ்டருக்கு நிறைய | நீண்ட கதை |

எந்த முறையானாலும் ஒரு எல்லை

நம் மாவட்டங்களில் வேடியப்பன் என்று கும்பிடப்படுகிற நடுகற்கள் உண்டு. முனியப்பன் இல்லாத ஊர்ப்பக்கம் அரிது. மயானக் கொள்ளை வருஷா வருஷம் நடக்கிறது. இவற்றையெல்லாம் சூனியப் பட்டியலில் சேர்க்காதீர்கள். ஒருவர் வீட்டுக் குலதெய்வம் இன்னொருவர் ஆட்டத்தில் பேயாக வரக் கூடாது. கல்லுக்கும் ஆவிக்கும் ஊருக்கும் கற்பனைப் பெயர் வையுங்கள். நிஜக் கோயிலின் சடங்கு முறையையும் மந்திரச் சொல்லையும் எடுக்க வேண்டாம்.

செய்வினை, பில்லி சூனியம் என்ற பேச்சு கிராமங்களில் இன்னும் இருக்கிறது. பெரும்பாலும் தனியாக இருக்கும் வயதான பெண்களின் மேல்தான் அந்தப் பழி விழுகிறது. உங்கள் ஆட்டத்துச் சூனியக்காரர் ஊர் ஓரத்துக் குடிசைக் கிழவியாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அரசவையில் பட்டு உடுத்தி உட்கார்ந்திருப்பவராக, கோட்டையையும் படையையும் வைத்திருப்பவராக இருக்கட்டும். அவர் கேட்கும் ரத்தமும் அப்போதுதான் உறைக்கும்.

கிருஷ்ணகிரி குழுவுக்கு

நாலு பிளேயர், ஒரு கேம் மாஸ்டர். பத்து செஷன் கதை என்று சொல்லியிருக்கிறார்கள். ஓசூரில் ஷிஃப்ட் வேலைக்குப் போகும் ஒருவர் மாதத்தில் ஒரு ஞாயிறு வர மாட்டார். அவர் மந்திரவாதியாக இருக்க வேண்டாம், வாளை எடுத்துக்கொள்ளட்டும்.

பட்டியலில் உள்ள மந்திரங்களை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு மூச்சில் சொல்லிவிடக்கூடிய சின்ன மந்திரங்களுக்கு ரத்தம், 1 அல்லது 2 கொட்டை. கல்லெழுப்பல் போன்ற மூன்று நான்கு பெரிய மந்திரங்களுக்குச் சடங்கும் கடனும். பகடை மாசு முறையை இந்தக் கதைக்கு விட்டுவிடலாம். நூற்றிருபது விளைவு எழுதும் நேரத்தில் நாலு ஆவிகளுக்கு நல்ல பேச்சு எழுதலாம்.

முதல் இரண்டு செஷனில் பெரிய மந்திரம் எதையும் கையில் கொடுக்காதீர்கள். வில்லன் ஒரு தடவை கல்லெழுப்பி, அதற்கு என்ன விலை கொடுத்தான் என்பதை பிளேயர்கள் கண்ணால் பார்க்கட்டும். மூன்றாவது செஷனில் அதே மந்திரம் எழுதிய ஓலையை அவர்கள் கையில் கிடைக்கச் செய்யுங்கள்.